இடிப்பதா, சரிசெய்வதா: பாழடைந்த பொதுக் குடியிருப்புகளை அரசு புதுப்பிக்கும்போது

கேள்வி இது: பழுதடைந்து கிடக்கும் பொதுக் குடியிருப்புகளைப் புதுப்பிக்க அரசுகள் பெரும் பணம் ஒதுக்குகின்றன. அங்கே குடியிருப்பவர்களுக்கு அதனால் உண்மையிலேயே நன்மை உண்டா? பழையதை இடித்துவிட்டுக் கட்டுவது நல்லதா, இருப்பதைச் சரிசெய்வது நல்லதா?

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பின்னால் வரும். ஒரு திட்டம் நல்லதா கெட்டதா என்று பார்க்க மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். தொடங்கிய அன்று அங்கே இருந்த குடும்பங்கள், வேலை முடிகிற அன்று எங்கே இருக்கின்றன? என்ன வாடகை கொடுக்கின்றன? பதினைந்து வருடம் கழித்து லிஃப்ட் நின்றுபோனால் அதைச் சரிசெய்யும் பணம் எங்கிருந்து வரும்? அமைச்சர் திறந்துவைக்கும் மாதிரி வடிவத்திலும் வண்ணப் படங்களிலும் இதற்குப் பதில் இருக்காது. இடிப்பதா சரிசெய்வதா என்பது இதற்கு அடுத்தபடிதான். ஆனாலும் பெரும்பாலான இடங்களில் சரிசெய்வதே மேல் என்று நினைக்கிறேன்.

குடியிருப்புகள் ஏன் பாழாகின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இதைத் தப்பாகப் புரிந்துகொண்டதால்தான் பல அரசுகள் தப்பான வேலையில் பணத்தைக் கொட்டின.

இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் எடுத்துக்காட்டும் இடம், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த புரூயிட்-ஐகோ. 11 மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள், 2,870 வீடுகள். வடிவமைத்தவர் மினோரு யமாசாகி. பின்னாளில் நியூயார்க் உலக வர்த்தக மையக் கோபுரங்களை வடிவமைத்தவரும் அவரே. 1954-ல் மக்கள் குடியேறத் தொடங்கினார்கள். 1972-ல் வெடிவைத்துத் தகர்க்க ஆரம்பித்தார்கள். சில ஆண்டுகளில் ஒரு கட்டடம்கூட மிஞ்சவில்லை. கட்டடம் சரியும் அந்தப் படம் உலகம் முழுக்கப் பரவி, 'ஏழைகளை அடுக்குமாடியில் வைத்தால் இப்படித்தான் ஆகும்' என்ற எண்ணத்தை ஊன்றிவிட்டது.

நடந்தது வேறு. கட்டுவதற்கு மத்திய அரசு பணம் கொடுத்தது. அதன்பிறகு பராமரிப்பை வாடகை வருமானத்திலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. செயின்ட் லூயிஸோ ஆள் குறைந்துகொண்டே வந்த நகரம். 1950-ல் எட்டரை லட்சம் பேர் இருந்தார்கள்; 1970-ல் அது சுமார் 6.2 லட்சம். வேலையும் வருமானமும் இருந்தவர்கள் புறநகருக்குப் போனார்கள். வீடுகள் காலியாகின, வாடகை வருமானம் சுருங்கியது, பழுதுபார்ப்பு நின்றது, அதைப் பார்த்து இன்னும் சிலர் கிளம்பினார்கள். போதாததற்கு, செலவைக் குறைக்க லிஃப்ட் மூன்று மாடிக்கு ஒரு முறைதான் நிற்கும்படி கட்டியிருந்தார்கள். மிஞ்சிய குடும்பங்களின் தலையில் வாடகை ஏறியது. 1969-ல் நகரின் பொதுக் குடியிருப்புவாசிகள் வாடகை கொடுக்க மறுத்துப் போராடினார்கள். அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம், பொதுக் குடியிருப்பில் வருமானத்தின் 25 சதவீதத்துக்கு மேல் வாடகை வாங்கக் கூடாது என்று சட்டம் செய்தது. நியாயமான சட்டம்தான். ஆனால் குறையும் வாடகையை மானியத்தால் ஈடுகட்டும் ஏற்பாடு ஒழுங்காக நடக்கத் தொடங்குவதற்குள் புரூயிட்-ஐகோ கைமீறிப் போயிருந்தது.

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் பாலிமன் குடியிருப்புக்கு நடந்தது இன்னொரு விதம். 1960-களின் பின்பாதியில் கட்டியது. அதில் பதினைந்து மாடிக் கோபுரங்கள் ஏழு. 1916 விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஏழு பேரின் பெயர்களை அவற்றுக்கு வைத்திருந்தார்கள். 1980-களின் நடுவில் அயர்லாந்து அரசு ஒரு மானியம் அறிவித்தது: அரசு வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே சொந்த வீடு வாங்குகிறவருக்கு 5,000 பவுண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை வாங்கிக்கொண்டு யார் போக முடியும்? வீட்டுக்கடன் கிடைக்கும் அளவுக்குச் சம்பளம் உள்ளவர்தான். அப்படிப்பட்டவர்கள் கூட்டமாகக் கிளம்பினார்கள். வட்டாரத்தில் பொது வேலைகளை இழுத்துப்போட்டுச் செய்தவர்கள் பலரும் அவர்களோடு போனார்கள். காலியான வீடுகளுக்கு வேறு போக்கிடம் இல்லாதவர்கள் வந்தார்கள். சுவரில் ஒரு செங்கல்லைக்கூடத் தொடாமல் குடியிருப்பின் நிலையை ஒரு மானியம் சரித்துவிட்டது. பிறகு 1997-ல் அதே இடத்தைப் புதுப்பிக்கப் பெரும் திட்டம் போட்டு, கடைசிக் கோபுரத்தை 2015-ல் இடித்தார்கள். வீடுகள் நல்லவையாக வந்தன. ஊரின் நடுவே வர வேண்டிய கடைத்தெருவும் மெட்ரோவும் வரவில்லை. 2008 பொருளாதாரச் சரிவு அவற்றை விழுங்கிவிட்டது.

கட்டடத்தின் மேல் பழியே இல்லை என்று சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டுப் பஞ்சத்தைத் தீர்க்க ஐரோப்பிய நாடுகள் அவசரமாகக் கட்டின. தொழிற்சாலையில் வார்த்த பெரிய கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து அடுக்கிப் பூட்டும் முறை அப்போதுதான் பரவியது. 1968 மே 16 அன்று லண்டனின் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில், 18-வது மாடி வீடு ஒன்றில் சமையல் வாயு வெடித்து, கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். குடியேறி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இவ்வளவு பயங்கரமாக இல்லாவிட்டாலும், அந்தக் காலத்துக் கட்டடங்களில் தினசரித் தொல்லை ஈரம்தான். குளிர் நாட்டில் கான்கிரீட் சுவர் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அறையைச் சூடாக்க மின்சாரச் செலவு கட்டுப்படியாகாமல் குடும்பங்கள் சூடேற்றியை அணைத்துவைக்கும். குளிர்ந்த சுவரில் நீர் முத்துக்கட்டும், பூஞ்சை பிடிக்கும், குழந்தைகளுக்கு இழுப்பு வரும். புகார் கொடுத்தால், 'ஜன்னலைத் திறந்து வையுங்கள், துணியை உள்ளே காயப்போடாதீர்கள்' என்று வாடகைதாரரையே குற்றவாளியாக்கும் பதில் வரும். இங்கிலாந்தின் ரோச்டேலில் 2020-ல் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. வீட்டிலிருந்த பூஞ்சைதான் காரணம் என்று 2022-ல் மரண விசாரணை சொன்னது. பெற்றோர் பலமுறை முறையிட்டிருந்தார்கள். அதன்பிறகுதான், பூஞ்சைப் புகாரைக் குறித்த காலத்துக்குள் கவனித்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது.

சரி, இடித்துக் கட்டும் திட்டங்களுக்கு வருவோம்.

இவற்றில் அரசு முழுப் பணத்தையும் போடுவது அபூர்வம். அரசு ஒரு பங்கு கொடுக்கும். மீதியை அதே நிலத்தில் சந்தை விலைக்கு வீடு விற்றுச் சேர்க்க வேண்டும். ஆயிரம் வீடு இருந்த இடத்தில் இரண்டாயிரமோ மூன்றாயிரமோ கட்டினால்தான் கணக்கு நேராகும். கட்டுமான நிறுவனம் லாபம் குறைகிறது என்று சொன்னால் முதலில் வெட்டுப்படுவது குறைந்த வாடகை வீடுகளின் எண்ணிக்கைதான். லண்டனின் ஹேகேட் குடியிருப்பு 1974-ல் முடிந்தது. ஏறத்தாழ 1,200 வீடுகள். அதைக் காலிசெய்து, 2014-க்குள் இடித்துத் தள்ளினார்கள். அந்த இடத்தில் வந்த 2,500 சொச்சம் வீடுகளில், முதலில் போட்ட ஒப்பந்தப்படி, பழைய சமூக வாடகைக்கு, அதாவது அரசு விதிப்படி சந்தையைவிட மிகக் குறைவாக வாங்கும் வாடகைக்கு என்று ஒதுக்கியவை சுமார் 80 மட்டுமே. குறைந்த விலை என்ற கணக்கில் வேறு வீடுகளும் இருந்தன. ஆனால் இங்கிலாந்தில் 2011 முதல் சந்தை வாடகையில் 80 சதவீதம் வரை வாங்கும் வீடும் அந்தக் கணக்கில்தான் சேர்கிறது. லண்டன் நடுவில் சந்தை வாடகையில் 80 சதவீதத்தைத் துப்புரவுத் தொழிலாளியோ பேருந்து ஓட்டுநரோ எப்படிக் கொடுப்பார்? ஆகவே ஒரு திட்ட அறிக்கையைப் படித்தால் மொத்த வீடுகளைப் பார்க்காதீர்கள். பழைய வாடகையில் எத்தனை வீடு இருந்தது, அதே வாடகையில் எத்தனை திரும்ப வருகிறது என்பதை மட்டும் பாருங்கள்.

அமெரிக்கா இதைத் தேசிய அளவில் செய்தது. மிக மோசமான பொதுக் குடியிருப்புகளை ஆராய அமைத்த ஆணையம், சுமார் 86,000 வீடுகள் அந்த நிலையில் இருப்பதாக 1992-ல் சொன்னது. அதிலிருந்து பிறந்தது ஹோப் சிக்ஸ் திட்டம். வறியவர்களும் நடுத்தர வருமானக்காரர்களும் கலந்து வாழும் குடியிருப்பாக மாற்றுவது நோக்கம். இடித்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஈடாக ஒரு பொது வீடு கட்ட வேண்டும் என்ற பழைய விதியை 1995-ல் நிறுத்திவைத்து, 1998-ல் அடியோடு எடுத்துவிட்டார்கள். இடித்த அளவுக்குக் குறைந்த வாடகை வீடுகள் திரும்ப வரவில்லை. வெளியேறிய குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் ஒரு உண்மையையும் சொல்கின்றன, அதை மறைக்கக் கூடாது: தனியார் வீட்டு வாடகையில் ஒரு பங்கை அரசு கொடுக்கும் உதவிச் சீட்டோடு வேறு வட்டாரத்துக்குப் போன பலர், முன்பைவிடப் பயமில்லாமல் வாழ்வதாகச் சொன்னார்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்காமல் தூங்குவது சின்ன விஷயமில்லை. ஆனால் மின்கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் இப்போது தனியாக வந்து அவர்களைத் திணறடித்தன, வேலை நிலைமை பெரிதாக மாறவில்லை, புதிய குடியிருப்புக்குத் திரும்பியவர்கள் சிறு பகுதிதான்.

இடிப்பு அறிவித்த நாளிலிருந்து உண்மையில் இடிக்கும் நாள் வரை உள்ள காலத்தைப் பற்றி அறிக்கைகள் பேசுவதே இல்லை. என்னைக் கேட்டால் அதுதான் மிகக் கொடுமையான பகுதி. எப்படியும் இடிக்கப் போகிற கட்டடத்துக்கு ஏன் செலவு என்று பழுதுபார்ப்பை நிறுத்திவிடுவார்கள். காலியாகிற வீடுகளுக்கு இரும்புத் தகடு அடிப்பார்கள். பள்ளியில் பிள்ளைகள் குறைவார்கள், மூலைக்கடை மூடும், படிக்கட்டு விளக்கு எரியாது. இது ஒன்றிரண்டு வருடம் அல்ல. பத்துப் பதினைந்து வருடம் இழுத்த இடங்கள் உண்டு. டப்ளினில் தனியார் கூட்டோடு செய்யவிருந்த ஐந்து திட்டங்கள் 2008 மே மாதம் ஒரே அடியில் சரிந்தன. வீட்டு விலை விழுந்ததும் கட்டுமான நிறுவனம் விலகிக்கொண்டது. ஓடெவனி கார்டன்ஸ் என்ற குடியிருப்பில் பாதி காலியான கட்டடங்களுக்கு நடுவே குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. வீட்டு விற்பனை லாபத்தை நம்பிப் போடும் புதுப்பிப்பு, சந்தை சாயும்போது ஏழைகளைத்தான் நடுத்தெருவில் விடும்.

வீட்டை முன்பே சொந்தமாக வாங்கியவர்கள் தனிக் கதை. பிரிட்டனில் 1980 சட்டத்தால் வாடகைதாரர்கள் தங்கள் வீட்டைத் தள்ளுபடி விலைக்கு வாங்க முடிந்தது. இடிப்பு வரும்போது, பழுதடைந்த குடியிருப்பின் மதிப்புக்குத்தான் அவர்களுக்கு இழப்பீடு. அந்தப் பணத்தில் அதே வட்டாரத்தில் புது வீடு வாங்க முடியாது. கடன் முடித்து நிம்மதியாக இருந்த வயதானவர் மறுபடி கடனாளி ஆவார், அல்லது ஊரைவிட்டே போவார்.

இப்போது சரிசெய்யும் வழி. பிரான்சின் போர்தோ நகரில் கிராண்ட் பார்க் என்ற 1960-களின் குடியிருப்பு. மூன்று கட்டடங்கள், 530 வீடுகள். அதைப் புதுப்பித்த கட்டடக் கலைஞர்கள் ஆன் லகாட்டன், ழான்-பிலிப் வசால் இருவரும் அவர்களுடைய கூட்டாளிகளும் எந்தக் கட்டடத்தையும் இடிக்கவில்லை. பழைய முகப்பில் சின்ன ஜன்னல்களை எடுத்துவிட்டு, முன்கூட்டியே செய்த பாகங்களை வெளியே பூட்டி, ஒவ்வொரு வீட்டுக்கும் கண்ணாடித் தடுப்புள்ள ஓர் அகலமான கூடம் சேர்த்தார்கள். வெளிச்சம் வந்தது, இடம் கூடியது, அந்தக் கூடமே குளிரைத் தடுத்தது. குடும்பங்கள் வேலை நடக்கும்போதும் அங்கேயே இருந்தன. அந்த வேலைக்கு 2019-ல் ஐரோப்பாவின் மீஸ் வான் டெர் ரோ கட்டடக்கலை விருது கிடைத்தது. 2021-ல் அந்த இருவருக்கும் கட்டடக்கலையின் மிகப் பெரிய பரிசான பிரிட்ஸ்கர். ஆம்ஸ்டர்டாமின் பைல்மர்மீர் பகுதியில் இருக்கும் கிளைபர்க் கட்டடமும் இதேபோல இடிப்பிலிருந்து தப்பியது. 400 மீட்டர் நீளம், 500 வீடுகள். ஒரு கூட்டமைப்புக்கு ஒரு யூரோவுக்கு விற்றார்கள்; அவர்கள் லிஃப்ட், நடைபாதை, கூரையை மட்டும் சரிசெய்து, வீடுகளின் உள்வேலையை வாங்குகிறவரிடமே விட்டார்கள். கட்டடம் பிழைத்தது. ஆனால் வாடகை வீடுகள் விற்பனை வீடுகளாகிவிட்டன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு நல்ல வழி இருந்தும் ஏன் இடிக்கிறார்கள்? அதிகாரிகளின் அலட்சியம் மட்டும் காரணமல்ல, வரியும் காரணம். பிரிட்டனில் புது வீடு கட்டினால் மதிப்புக் கூட்டு வரி பூஜ்யம். இருக்கும் வீட்டைப் பழுதுபார்த்தால் பொதுவாக 20 சதவீதம். ஏற்கெனவே கட்டிய கான்கிரீட்டை உடைத்து, மறுபடி சிமென்ட் சுட்டுக் கட்டுவதால் காற்றில் கலக்கும் கரியமில வாயுவைப் பெரும்பாலும் கணக்கில் எழுதுவதில்லை. இதை மாற்றாமல் குடியிருப்பாளர்களிடம் 'இடிப்பதுதான் சிக்கனம்' என்று சொல்வது நேர்மையாகாது.

இடிக்க வேண்டிய கட்டடமும் உண்டு. லண்டனின் பிராட்வாட்டர் ஃபார்மில் இரண்டு கட்டடங்கள் வாயு வெடிப்பையோ வாகன மோதலையோ தாங்காது என்று 2018-ல் சோதனையில் தெரிந்தது. அங்கே வாதம் எதற்கு, காலிசெய்துதான் ஆக வேண்டும். சரிசெய்வதும் தானாகப் பாதுகாப்பு தந்துவிடாது. லண்டனின் கிரென்ஃபெல் என்ற குடியிருப்புக் கோபுரத்தைப் புதுப்பித்து முடித்தது 2016-ல். வெளிச்சுவரில் போர்த்திய பலகையைச் செலவு குறைக்க மலிவான வகைக்கு மாற்றியிருந்தார்கள்; அது எளிதில் எரியும் வகை. 2017 ஜூன் 14 அன்று பிடித்த தீயில் 72 பேர் இறந்தார்கள். தீ ஆபத்து பற்றிக் குடியிருப்பாளர்கள் முன்பே எழுதி எச்சரித்திருந்தார்கள். எந்தப் புதுப்பிப்பிலும் குடியிருப்பாளர்கள் சொல்லும் குறை, பொறியாளரின் குறிப்புக்குச் சமமான எடையோடு பதிவாக வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

அப்புறம் மனிதர்களுக்கான செலவு. பிரிட்டன் அரசு 1998-ல் தொடங்கிய ஒரு திட்டத்தில் இங்கிலாந்தின் 39 வட்டாரங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் பத்தாண்டுக்குச் சுமார் 5 கோடி பவுண்டு கொடுத்தது. இறுதி மதிப்பீட்டில், வட்டாரம் பற்றிய திருப்தியும் பாதுகாப்பு உணர்வும் தெளிவாகக் கூடியிருந்தன. வேலையும் படிப்பும் அந்த அளவுக்கு முன்னேறவில்லை. இதில் வியப்பில்லை. ஒரு வட்டாரத்தின் வேலைவாய்ப்பை அந்த வட்டாரத்துச் சுவர்களுக்குள் உருவாக்க முடியாது. பர்மிங்காமின் காசில் வேலில் 1993 முதல் 2005 வரை தனி அறக்கட்டளை ஒன்று பொறுப்பேற்று நடத்தியது. 34 கோபுரங்களில் 32-ஐ இடித்தது உண்மைதான். ஆனால் நிர்வாகத்தில் குடியிருப்பாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள், உடல்நலம், வேலைப் பயிற்சி எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திட்டம் போட்டார்கள், அறக்கட்டளை கலைந்தபோது வீடுகளைப் பார்த்துக்கொள்ள உள்ளூரிலேயே ஒரு வீட்டுச் சங்கம், அதாவது லாப நோக்கில்லாமல் வாடகை வீடுகளை நடத்தும் அமைப்பு, தயாராக இருந்தது. இந்தக் கடைசி ஏற்பாட்டைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

குடியிருப்பாளர்களின் வாக்கும் முக்கியம். லண்டனின் ஐல்ஸ்பரி குடியிருப்பை வீட்டுச் சங்கத்துக்கு மாற்றும் திட்டத்தை 2001-ல் அங்கிருந்தவர்கள் 73 சதவீத வாக்கில் நிராகரித்தார்கள். சில ஆண்டுகளில் இடிப்புத் திட்டம் வேறு வழியில் வந்தது. 2018 முதல் லண்டன் மேயரின் நிதி வேண்டுமென்றால், சமூக வீடுகளை இடிக்கும் பெரிய திட்டங்களுக்கு வாக்கெடுப்பு கட்டாயம். சிங்கப்பூரில் வீட்டு மேம்பாட்டுத் திட்டம் ஒரு பிளாக்கில் நடக்க 75 சதவீதக் குடும்பங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். கழிவுக் குழாய், உதிரும் கான்கிரீட் போன்ற அவசியமான வேலைகளுக்குக் குடிமக்களிடம் கட்டணம் இல்லை. அங்கே நிலம் பெரும்பாலும் அரசுடையது, பணமும் இருக்கிறது, ஆகவே எல்லா நாட்டாலும் அப்படியே செய்ய முடியாது. ஆனால் சம்மதம் கேட்பதற்குப் பணக்கார நாடாக இருக்க வேண்டியதில்லை.

உங்கள் குடியிருப்புக்கே இப்படி ஒரு திட்டம் வருகிறது என்றால், கூட்டத்துக்குப் போய் வாய்மொழி வாக்குறுதியோடு திரும்பி வராதீர்கள். திரும்பி வரும் உரிமை, அதே வகை வாடகை, தேவைக்கு ஏற்ற அறைகள்: மூன்றும் ஒவ்வொரு குடும்பத்தின் பெயரிலும் கையெழுத்தான தாளில் வேண்டும். முதலில் காலி நிலத்தில் கட்டி, பழைய வீட்டிலிருந்து நேராகப் புது வீட்டுக்கு ஒரே முறை மாறும்படி கட்டங்களைப் பிரிக்கச் சொல்லுங்கள். 'தற்காலிகமாக' வெளியே போன குடும்பம் பிள்ளையின் பள்ளி, வேலை எல்லாம் மாறிய பிறகு திரும்புவது குறைவு. கடைசிக் குடும்பம் போகும் வரை லிஃப்ட்டும் விளக்கும் பராமரிக்கப்படும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும். கட்டடத்தின் நிலையை ஆராயும் பொறியாளரைக் குடியிருப்போர் சங்கம் தேர்ந்தெடுக்க, கூலியைத் திட்டம் கொடுக்க வேண்டும். கட்டி முடித்த முதல் ஆண்டிலிருந்தே பெரிய பழுதுகளுக்கென்று தனி நிதி சேர வேண்டும், அதை வேறு செலவுக்குத் திருப்ப முடியாதபடி.

குடும்பங்களைக் கணக்கெடுக்கும் நாளில் யார் விடுபடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். பெற்றோரோடு ஒரே அறையில் நெருக்கி வாழும் திருமணமான மகன், வீட்டை வாங்கியவரிடம் உள்வாடகைக்கு இருப்பவர், தற்காலிக ஒதுக்கீட்டில் பல வருடமாக இருப்பவர் ஆகியோர் பட்டியலில் இல்லாமல் போவார்கள். லண்டன் விதியில், வீட்டுக்காகப் பதிந்து ஒரு வருடமாவது காத்திருக்கும் குடியிருப்பாளருக்கும் வாக்கு உண்டு. வீடு யார் பெயரில் இருக்கிறது என்பது அங்கே தடையல்ல. உங்கள் இடத்தில் அப்படி விதி இல்லையென்றால், சங்கமே கதவு கதவாகப் போய்த் தன் சொந்தப் பட்டியலை எடுத்து, அதிகாரிகளின் பட்டியல் இறுதியாகும் முன்பே கொடுத்துவிட வேண்டும்.